பிந்திலி கற்ற நாலு வரி

குதிரைத் தரகர் பிந்திலி ஐம்பத்தாறு வயதுவரை யாரிடமும் மாணவராக இருந்ததில்லை.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். பன்னிரண்டு வயதில் ஒரு நொண்டிக் குதிரையை நல்ல குதிரை என்று நம்பி வாங்கி ஏமாந்தார். அது முதல் பாடம். அதே குதிரையை மறுவாரமே இன்னொருவன் தலையில் கட்டினார். அது இரண்டாம் பாடம். இதற்குமேல் படிக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார். ருமேனியாவில், கார்பாத்தியன் மலையடிச் சந்தைகளில் அவர் குரல் கேட்டாலே பாதிப் பேர் குதிரையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவார்கள். கோபம் அப்படி. பேரத்தில் தோற்றால் கத்துவார். ஜெயித்தாலும், இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கலாமே என்று கத்துவார்.

அப்படிப்பட்டவர் ஒரு புதன்கிழமை காலை, தோளில் புதுக் கம்பளியும் மூக்கு நுனியில் கோபமுமாக, ஓடைக்கரைச் சுழல்குழிக்கு வந்து நின்றார்.

சுழல்குழி என்பது அந்த மலைக்காரர்களின் கம்பளித் துறை. ஓடைத் தண்ணீரை உயரத்திலிருந்து ஒரு மரக்கால்வாய் வழியாக இறக்குவார்கள். கீழே பலகைகளை வட்டமாக நட்டு ஒரு பெரிய குழி. தண்ணீர் அதற்குள் விழுந்து, போக வழி தெரியாத மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வரும். தறியிலிருந்து இறங்கிய கம்பளியை அதில் போட்டு எடுப்பார்கள்.

அந்தக் குழியைப் பார்த்துக்கொள்பவள் சம்ஃபீரா. முப்பத்து நாலு வயது. முழங்கைவரை எப்போதும் ஈரம்.

"ஏம்மா, சம்ஃபீரா நீதானே?"

"நான்தான். உட்காருங்கண்ணே." பக்கத்திலிருந்த மரக்கட்டையைக் காட்டினாள்.

"உட்கார நேரமில்லை. செத்துப்போன என் பொண்டாட்டி அனிக்கா ஒரு பாட்டுப் பாடுவாளாம். அது உன்கிட்ட இருக்காம். சொல்லு, என்ன விலை?"

"பாட்டுக்கா?"

"பின்னே, இந்தக் குழிக்கா? ஆறு வயசு கறுப்புப் பெண் குதிரை ஒண்ணு இருக்கு. பல்லைப் பார்த்துக்கோ, காலைப் பார்த்துக்கோ. பிடிச்சிருந்தா கையைத் தட்டு."

உள்ளங்கையை நீட்டினார். அந்தப் பக்கத்து வழக்கம் அது. நீட்டிய கையில் எதிராளி ஓங்கி அடித்தால் பேரம் முடிந்தது. அப்புறம் ஊரே திரண்டு வந்தாலும் மாற்ற முடியாது.

சம்ஃபீரா அடிக்கவில்லை. ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"விற்கிறதுக்கு இல்லைண்ணே. கத்துக்கிறதா இருந்தா கத்துக்கலாம்."

"எத்தனை நாள்?"

"உங்களைப் பொறுத்தது."

"ஞாயித்துக்கிழமை வேணும் எனக்கு!" என்று கத்தினார். ஓடைக்கு அந்தப் பக்கம் மேய்ந்த ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் ருக்சாந்த்ராவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கணவாய்க்கு அந்தப் பக்கத்துக்காரன். வண்டியில் போனால் மூன்று நாள். போகிற பெண் திரும்பி வருவாளா, எப்போது வருவாள் என்று யாருக்கும் தெரியாது.

போன ஞாயிறுவரை அப்பனும் மகளும் மூன்று வருஷமாகப் பேசியதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் அனிக்கா காய்ச்சலில் விழுந்தபோது பிந்திலி சந்தையில் இருந்தார். ஆள் வந்து சொன்னான். ஒரு பொலிகுதிரையைப் பிடித்து மூன்றாம் நாளாகப் பேரம். இன்னும் அரைநாள் இறுக்கினால் படிந்துவிடும் என்று இருந்தது. இறுக்கினார். படிந்தது. குதிரையோடு வீட்டுக்கு வந்தபோது அனிக்காவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். பதினேழு வயது ருக்சாந்த்ரா வாசலில் நின்று, அப்பாவைப் பார்க்கவில்லை, அந்தக் குதிரையைத்தான் பார்த்தாள். மறுநாள் துணி மூட்டையோடு தனக்கு ஞானஸ்நானத்தில் தாயாக நின்ற தோக்கியா வீட்டுக்குப் போய்விட்டாள். பிந்திலி இரண்டு தரம் ஆள் அனுப்பினார். ஒரு தரம் தானே போய் வேலிக்கு வெளியே நின்று கத்திவிட்டு வந்தார்.

அந்த ஊரில் மணப்பெண் பெற்றவர்கள் வீட்டு வாசற்படியில்தான் குனிந்து மன்னிப்புக் கேட்டு விடைபெற வேண்டும். அப்பன் உயிரோடு இருக்க, வேறு வீட்டு வாசலிலிருந்து பெண் கிளம்பினால் அந்த அப்பன் செத்தவனுக்குச் சமம். போன ஞாயிறு கோயில் வாசலில் ருக்சாந்த்ரா அவர் எதிரே வந்து நின்று சொன்னாள்:

"கல்யாண வண்டி நம்ம வாசல் வழியாத்தான் போகணும். வாசல்ல நின்னு அம்மா பாட்டைப் பாடுங்க. அது அம்மா பாட்டா இருந்தா இறங்கி வந்து கும்பிட்டுட்டுப் போறேன். இல்லேன்னா வண்டி நிக்காது."

"எந்தப் பாட்டு?"

"அதுகூடத் தெரியாதா உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இதையெல்லாம் பிந்திலி நின்றபடியே, குழியைச் சுற்றி நடந்தபடியே சொல்லி முடித்தார்.

சம்ஃபீரா கேட்டுக்கொண்டாள். அனிக்கா வருஷா வருஷம் இங்கே கம்பளி அலச வருவாள், வரும்போதெல்லாம் பாடுவாள் என்று மட்டும் சொன்னாள். பிறகு ஓடையோரமிருந்த வில்லோ மரத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, வேலையை நிறுத்தாமலே பாடினாள்.

*பச்சை இலை, வில்லோ இலை,*
*போனவர் கதவைச் சாத்தவில்லை.*
*காற்று வந்து உட்கார்ந்திருக்கு,*
*எழுந்து போகச் சொல்ல மனசில்லை.*

பிந்திலி காத்திருந்தார்.

"ம். அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா! நாலு வரியா? இதுக்கா ஒரு குதிரை கொடுக்கறேன்னேன்?"

"நான் குதிரை கேட்கலையே."

"சரி, அர்த்தம் என்ன? போனவர் யாரு? புருஷனா, மகனா, இல்லை திருடனா? எங்கே போனாரு? போனவன் ஏன் கதவைச் சாத்தலை? இந்த மலையில ஓநாய் இருக்கு, கரடி இருக்கு. கதவைத் திறந்து போட்டுட்டுப் போறவன் ஒண்ணு குடிகாரன், இல்லை முட்டாள். என்னைப் பாரு." இடுப்புக் கயிற்றில் தொங்கிய சாவிகளைக் குலுக்கினார். "வேலிக்கு ஒண்ணு, லாயத்துக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. ஒண்ணுக்குப் போனாக்கூடப் பூட்டிட்டுத்தான் போவேன். அப்புறம், காத்து எப்படி உட்காரும்? நாற்காலி போட்டாங்களா?"

கம்பளி அலச வந்திருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பாடுங்க" என்றாள் சம்ஃபீரா.

"அர்த்தம் தெரியாம எப்படிப் பாடறது?"

"குதிரைக்கு அர்த்தம் தெரிஞ்சுக்கிட்டா வாங்குறீங்க?"

"ஓட்டிப் பார்த்து வாங்குவேன்."

"இதையும் ஓட்டிப் பாருங்க."

பாடினார். சந்தையில் ஏலம் விடுகிற குரல். முதல் வரி முடிவதற்குள் ஆடுகள் ஓடைக்கரையைவிட்டு மேலே ஏறிவிட்டன.

வியாழக்கிழமையும் வந்தார். நாலு வரியும் வாயில் ஏறிவிட்டது. தரகருக்கு மனப்பாடம் பெரிதில்லை, நூறு குதிரைகளின் பல்லும் சுழியும் மண்டையில் இருக்கிறது. பத்துத் தரம் பாடினார். இருபது தரம் பாடினார். பாடிக்கொண்டே குழியைச் சுற்றி நடந்தார், குச்சியால் செடிகளை அடித்தார், வானத்தில் பொழுதைப் பார்த்தார்.

"எத்தனை தரம் பாடணும்?"

"உட்காருங்கண்ணே."

"உட்கார மாட்டேன். எனக்கு ஒண்ணு சொல்லு. எழவு, நாலே நாலு வரி. உங்க பாட்டிக்குப் பாட்டி காலத்திலேருந்து பாடறாங்களாம். ஒரு புது வரி சேர்க்கலை, கதையை முடிக்கலை. சலிக்காதா மனுஷங்களுக்கு?"

"அந்தக் கம்பளியைக் கொடுங்க."

மகளுக்குக் கொடுக்க என்று சந்தையில் வாங்கிய கம்பளி. தறியைவிட்டு இறங்கி வாரம் ஆகவில்லை. எடுத்து நீட்டினார். சம்ஃபீரா அதை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். சல்லடை மாதிரி அந்தப் பக்கத்து மலை தெரிந்தது. பிறகு அதைக் குழிக்குள் வீசிவிட்டாள்.

"ஏய்! பொண்ணுக்கு வாங்கினது அது! கிழிஞ்சா நீ தருவியா?"

கம்பளி மூழ்கியது, எழுந்தது, சுற்றியது. பிந்திலி குழியோரம் நின்று பார்த்தார். போன இடத்துக்கே போகிறது, வந்த இடத்துக்கே வருகிறது. பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சல் ஏறியது. ஓடினால் ஓடிப்போய்த் தொலைய வேண்டும், நின்றால் நிற்க வேண்டும். இது என்ன ஜன்மம்?

வெயில் சாயும்வரை சுற்றவிட்டாள். பிறகு கவைக்கோலால் இழுத்து, தண்ணீர் வடியவிட்டு, அவர் முன் விரித்தாள்.

"தொட்டுப் பாருங்க."

தொட்டார். இழை தெரியவில்லை. தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். ஊசி முனையளவு வெளிச்சம்கூட வரவில்லை.

"என்ன போட்டே இதிலே? மருந்தா?"

"தண்ணி."

"வெறும் தண்ணியா?"

"சுத்துச்சு" என்றாள் சம்ஃபீரா.

கம்பளியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். பாதி வழியில் நின்று, இன்னொரு தரம் அதை விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை அவரால் பொறுக்க முடியவில்லை. ஞாயிறுவரை காத்திருந்து, வண்டி நிற்குமா நிற்காதா என்று தவிப்பதைவிட, இன்றைக்கே பாடிக் காட்டிப் பேரத்தை முடித்துவிடலாம் என்று தோன்றியது. சரக்கு கையில் இருக்கும்போது எதற்குத் தாமதம்? நேரே தோக்கியா வீட்டு வேலிக்குப் போனார். உள்ளே பெண்கள் கல்யாண ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

*"பச்சை இலை, வில்லோ இலை..."*

ஒரு எழுத்துப் பிசகவில்லை. சம்ஃபீரா இழுத்த இடத்தில் இழுத்தார், விட்ட இடத்தில் விட்டார். மூன்றாவது வரியில் சன்னல் திறந்தது. ருக்சாந்த்ரா கை முழுக்க மாவோடு நின்றாள். முகத்தில் ஒரு கணம் ஏதோ அசைந்தது. அவர் நாலாவது வரியை முடித்தார்.

மகள் வேலியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"அப்பா, இங்கே வில்லோ எங்கே இருக்கு?"

"என்னது?"

"இது குழிக்கரைப் பாட்டு. கடன் வாங்கிட்டு வந்திருக்கீங்க. ஞாயித்துக்கிழமை நம்ம வாசல்ல பாடுங்க."

சன்னல் சாத்திக்கொண்டது.

தோக்கியா உள்ளேயிருந்து சொன்னது காதில் விழுந்தது: "சந்தையிலே அடுத்தவன் குதிரையை நம்மளுதுன்னு காட்டுற பழக்கம், பாட்டிலே மட்டும் போயிடுமா?"

சனிக்கிழமை காலை பிந்திலி சுழல்குழிக்கு வந்தபோது கோபத்தில் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"ஏமாத்திட்டே! பல்லுப்போன குதிரையை என் தலையில கட்டிட்டே. நாலு வரி சொல்லிக் கொடுத்தே, அதிலே ஒரு வார்த்தை கெட்ட சரக்கு. நாப்பது வருஷமா நான் அடுத்தவனுக்குச் செய்யறதை நீ எனக்குச் செய்யறியா?"

"எந்த வார்த்தை?"

"இலை! வில்லோ இல்லையாம். அனிக்கா என்ன இலையைச் சொல்லிப் பாடினா? அதைச் சொல்லு, போதும்."

"இங்கே பாடினப்போ வில்லோதான் பாடினாங்க. அதோ நிக்குதே." சம்ஃபீரா மரத்தைக் காட்டினாள். "வீட்டிலே என்ன பாடினாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? வீட்டிலே நீங்கதானே இருந்தீங்க?"

பிந்திலி தரையில் கிடந்த தொப்பியை எடுத்தார். மண்ணைத் தட்டினார்.

"நான் சந்தையில இருந்தேன்" என்றார்.

சம்ஃபீரா ஒரு கம்பளியைக் கவைக்கோலால் திருப்பிவிட்டாள்.

"வாசல்ல என்ன மரம் இருந்துச்சு?"

"பிளம். அவ நட்டது." உடனே முகம் பளிச்சென்றது. "பிளம்! அதான்! பிளம் இலைன்னுதான் பாடியிருப்பா. பச்சை இலை, பிளம் இலை. சரியா உட்காருது பாரு!"

"மரம் இருக்கா?"

பளிச்சென்ற முகம் இருண்டது.

"வெட்டிட்டேன். அவ போன மறுவருஷம். குதிரைங்க உள்ளே வர வழி குறுகலா இருந்துச்சு." குரல் மறுபடி ஏறியது. "இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? ஒரு வார்த்தைதானே? பாட்டுல வர்ற மரத்தை யாரு போய் எண்ணப்போறாங்க?"

"உங்க பொண்ணு அந்த வாசல் வழியாத்தானே வர்றா?"

குச்சியை ஓடையில் வீசி எறிந்தார். குழியை இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு அவள் எதிரே வந்து நின்றபோது குரல் இறங்கியிருந்தது. "ஏம்மா" என்றோ "நீ" என்றோ வரவில்லை.

"நாளைக்குக் காலையில வண்டி வந்துடும். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

சம்ஃபீரா கவைக்கோலைக் கீழே வைத்தாள்.

"போய் உங்க வாசல்ல நில்லுங்க."

"நின்னு?"

அவள் அடுத்த கம்பளியைக் குழிக்குள் தள்ளத் தொடங்கிவிட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பிந்திலி யோசித்தார். வாசலில் நில்லுங்கள் என்றால் என்ன? வாசலில் மரம் இருக்க வேண்டும் என்றுதானே? மரம் இல்லை என்பதுதானே குறை? இல்லாத சரக்கை வாங்கி வைப்பதுதானே தரகன் வேலை? அவர் நடை வேகமானது.

பக்கத்துத் தோட்டத்துக்காரன் கோஸ்தினிடம் ஆள் உயரத்தில் ஒரு பிளம் கன்று இருந்தது.

"கோஸ்தின், அந்த மரத்தைக் கொடு."

"காய்ப்புக்கு வர்ற மரம்யா அது. கோடையிலே எவனாவது மரத்தைப் பிடுங்குவானா?"

"வியாக்கியானம் வேணாம். விலையைச் சொல்லு."

கோஸ்தின் அவர் முகத்தைப் பார்த்தான். அவசரக்காரன் முகம் எப்படி இருக்கும் என்பதைச் சந்தையில் பிந்திலியிடமிருந்து கற்றவன் அவன். "உன் வெள்ளி வேலைப்பாடு போட்ட சேணம்" என்றான்.

மற்ற நாளாக இருந்தால் பிந்திலி அவனை அந்த மரத்திலேயே கட்டியிருப்பார். இன்று கையை நீட்டினார். கோஸ்தின் ஓங்கி அடித்தான்.

பொழுது சாய்வதற்குள் குழி வெட்டி, பழைய அடிக்கட்டைக்குப் பக்கத்தில் கன்றை நட்டு, ஆறு வாளித் தண்ணீர் ஊற்றினார். வாசல் களை கட்டிவிட்டது. நாலு தரம் பாடிப் பார்த்தார். பச்சை இலை, பிளம் இலை. பழுதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கதவைத் திறந்தார்.

கன்றின் இலைகளெல்லாம் ஈரத்துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன.

ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினார். தொங்கின. ஒரு கிளையைத் தூக்கிப் பிடித்தார். விட்டதும் விழுந்தது. நல்ல சட்டை, நல்ல இடைவார் எல்லாம் போட்டிருந்தவர் சேற்றில் மண்டியிட்டு, "நில்லேன்டா! ஒரு நாழிகை நில்லேன்டா!" என்று மரத்தோடு பேரம் பேசினார். அது படிகிற பேரமாக இல்லை.

மேட்டுத் தெருவில் குதிரை மணிச் சத்தம் கேட்டது. பிடில்காரர்கள் வாசிப்பதும் கேட்டது. வண்டி கிளம்பிவிட்டது.

பிந்திலிக்குத் தலைக்கேறியது. செத்த மரத்தை வாசலில் வைத்துக்கொண்டு பச்சை இலை என்று எப்படிப் பாடுவது? அதற்கு மரமே இல்லாமல் இருக்கலாம். இரண்டு கையாலும் கன்றைப் பிடித்து ஒரே இழுப்பில் பிடுங்கி எறிந்தார். இழுத்த வேகத்தில் தடுமாறி, பழைய அடிக்கட்டைமேல் கை ஊன்றினார்.

"ஐயோ!"

கை தீயாக எரிந்தது. பார்த்தார். அடிக்கட்டையைச் சுற்றி, வேலியோரம், வாசற்படிவரை காஞ்சொறி. இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. குதிரைச் சாணத்தின் உரத்தில் கருகருவென்று. மூன்று வருஷமாக அந்த வாசலில் அவரையும் குதிரைகளையும் தவிர யாரும் கால் வைக்காததால் தடையில்லாமல் வளர்ந்தது. தினமும் இந்த வழியாகத்தான் குதிரைகளை ஓட்டிப்போகிறார். ஒரு நாளும் பார்த்ததில்லை. நேற்றுக் குழி வெட்டும்போதுகூட மண்வெட்டியால் ஒதுக்கித் தள்ளினாரே தவிர, என்ன செடியென்று பார்க்கவில்லை.

வண்டி திருப்பத்தில் தெரிந்தது. முன்னால் பிடில்காரர்கள். நடுவில் மணப்பெண், தலையில் பூமுடி. பக்கத்தில் தோக்கியா. ருக்சாந்த்ரா வாசல் பக்கம் திரும்பவில்லை, குதிரைகளின் காதுகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிந்திலி எரிகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். சம்ஃபீராவின் குரல் வரவில்லை. ஏலக் குரலும் வரவில்லை. எரிச்சலில் பாதி அடைத்த ஏதோ ஒன்று வந்தது.

*பச்சை இலை, காஞ்சொறி இலை,*
*போனவர் கதவைச் சாத்தவில்லை.*

பிடில்காரன் ஒருவன் சிரித்துவிட்டான். கல்யாண நாளில் காஞ்சொறியா? தோக்கியா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிடில்கள் நின்றன.

*காற்று வந்து உட்கார்ந்திருக்கு...*

வண்டி அவரைத் தாண்டிப் போனது.

*எழுந்து போகச் சொல்ல மனசில்லை.*

இரண்டு வீடு தள்ளிச் சக்கரம் நின்ற சத்தம் கேட்டது. பிந்திலி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. காலடிச் சத்தம் கிட்டே வந்தது.

"காஞ்சொறியா?" என்றாள் ருக்சாந்த்ரா.

"வேற ஒண்ணும் இல்லையேம்மா. நீயே பாரு."

பார்த்தாள். அடிக்கட்டை, காஞ்சொறி, சேற்றில் கிடந்த கன்று.

"கோஸ்தின் மாமா தோட்டத்து மரமாச்சே இது?"

"ஆமா."

"என்ன கொடுத்தீங்க?"

"சேணத்தை."

"வெள்ளிச் சேணத்தையா?" அவள் குரல் எங்கோ தடுக்கியது. "ஏமாந்துட்டீங்கப்பா."

"ஏமாந்துட்டேன்" என்றார் பிந்திலி. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் வாய் சொன்னது அன்றுதான்.

ருக்சாந்த்ரா கல்யாணப் பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காஞ்சொறிக்குள் காலை வைத்தாள். கணுக்காலில் பட்டிருக்கும். முகம் சுளிக்கவில்லை. உள்ளே போய் அம்மாவின் தறியை ஒருதரம் தொட்டுவிட்டு வந்தாள். வாசற்படியில் குனிந்து, நெற்றி படக் கும்பிட்டாள். அவர் கம்பளியை எடுத்து அவள் தோளில் போர்த்தினார். அவளே அவர் கையைத் திருப்பித் தடிப்புகளைப் பார்த்து, மூன்று தரம் ஊதினாள். சின்ன வயதில் அவள் விழுந்தால் அனிக்கா அப்படித்தான் ஊதுவாள். அதை மட்டும் பிந்திலி பார்த்திருக்கிறார்.

பிறகு வண்டி கோயிலுக்குப் போனது. கோயிலிலிருந்து கணவாய்க்குப் போனது.

திங்கட்கிழமை பிந்திலி சுழல்குழிக்கு வந்தார். கையில் கறுப்புப் பெண் குதிரையின் கடிவாளம்.

"உட்காருங்கண்ணே."

"இருக்கட்டும்." குதிரையை வில்லோவில் கட்டினார். நீட்டப்போன கை வழக்கம்போல நீளவில்லை, பாதியிலேயே நின்றது. உள்ளங்கையில் தடிப்பு இன்னும் சிவந்திருந்தது. "இது விலை இல்லைங்க. பேரமும் இல்லை. சும்மா கொண்டுவந்தேன். வேணாம்னா திரும்ப ஓட்டிட்டுப் போறேன்."

"தண்ணி குடிக்கட்டும்" என்றாள் சம்ஃபீரா.

குதிரை ஓடையில் வாய் வைத்தது. பிந்திலி குழியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கணவாய்ப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"இறங்கி வந்தா."

"கேள்விப்பட்டேன்."

"போயிட்டா."

"ம்."

"பாட்டு கைக்கு வந்துடுச்சு. அர்த்தம்தான் வரலை. மூணு நாள் கேட்டேன், நீங்க சொல்லலை. வழியெல்லாம் அதே யோசனை. இப்பவாவது சொல்லிடுங்க." குரலில் பழைய சூடு தலைகாட்டியது. "போனவர் யாரு? அவர் ஏன் கதவைச் சாத்தலை?"

சம்ஃபீரா கவைக்கோலை நிறுத்தினாள்.

"நீங்க வீட்டிலேருந்துதானே வர்றீங்க?"

"ஆமா."

"கதவைச் சாத்திட்டு வந்தீங்களா?"

பிந்திலியின் கை இடுப்புக் கயிற்றுக்குப் போனது. மூன்று சாவியும் அங்கேயே தொங்கின. நேற்றுக் காலை கதவைத் திறந்ததிலிருந்து அவர் அவற்றைத் தொடவே இல்லை.

குழிக்குள் யாருடைய கம்பளியோ சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் மரக்கட்டையில் உட்கார்ந்தார்.